அறுபது முழம்

சினிமாப் படத்துக்குச் சொந்தக்காரன் யார் என்று லண்டனிலும் பம்பாயிலும் இன்னும் பேசிக்கொண்டேதான் இருக்கிறார்களாம். பேசட்டும், அவர்களுக்கு வேறு வேலை இல்லை. விழுப்புரம் மல்லாட்டை மண்டியில் அந்த விவகாரத்தை ஒரே பகல் பொழுதில் தீர்த்துவிட்டார்கள்.

அப்போது யுத்த காலம். மண்ணெண்ணெய்க்கு வரிசை, சர்க்கரைக்கு ரேஷன், பிலிமுக்குப் பர்மிட். பதினோராயிரம் அடிக்கு மேல் யாரும் படம் எடுக்கக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு. ஆனால் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மட்டும் நல்ல கிராக்கி. விழுப்புரத்து வியாபாரிகள் கையிலும் திண்டிவனத்து வியாபாரிகள் கையிலும் காசு புரண்டது. காசு புரண்டால் மனுஷனுக்குக் கலை ஆர்வம் வருவது சகஜம்தானே? இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்து ஒரு பிக்சர் கம்பெனி ஆரம்பித்தார்கள். ஆபீஸ் மண்டிக்கு உள்ளேயே, தராசுக்குப் பக்கத்தில்.

டைரக்டர் விருத்தாசலம். திண்டிவனத்து ஆள், நாடகக் கம்பெனியில் வாத்தியாராக இருந்து தொண்டை கட்டிப்போனவர். நல்ல மனுஷன், கொஞ்சம் தற்பெருமை உண்டு. படத்துக்கு ஆசிரியன் டைரக்டர்தான், மற்றவர்கள் எல்லாம் அவன் கையில் இருக்கும் பேனா மாதிரி என்று எந்தப் பத்திரிகையிலோ படித்துவிட்டார். அன்றிலிருந்து நடையே மாறிவிட்டது. கம்பெனிப் பத்திரத்தில் ‘படத்தின் சகல பொறுப்பும் டைரக்டரையே சாரும்’ என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்தபோது அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவ்வளவு மரியாதையை அவர் நாடகக் கம்பெனியில் பார்த்ததே இல்லை.

படத்தின் பெயர் ‘மரக்கால்’. கூலி நெல்லை மரக்காலில் குறைத்து அளக்கிற ஒரு மிராசுதாரின் கதை. அதில் ஒரு காட்சி. உச்சி வெயிலில், களத்தில், ஒரு கூலிக்காரி மிராசுதாரின் மரக்காலைப் பிடுங்கிக் கவிழ்த்து அடியில் தட்டுகிறாள். அளவு குறைய உள்ளே அப்பியிருந்த மெழுகு பாளமாக விழுகிறது. நிமிர்ந்து பார்த்து ஒரு வார்த்தை சொல்கிறாள். அவ்வளவுதான் காட்சி.

இதைக் கோலியனூர்க் களத்தில் எடுக்கப் போனபோது மதராஸிலிருந்து வந்த நடிகை வெறுங்காலோடு வெயிலில் நிற்க மாட்டேன் என்று காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்திலிருந்து விருத்தாசலம் ஒருத்தியைக் கூப்பிட்டார். செண்பகம் என்று பேர். நாற்று நடுகிறவள், களை எடுக்கிறவள், புருஷன் இல்லாதவள். அவள் வந்து நின்றாள், பிடுங்கினாள், தட்டினாள். வேலை முடிந்தது.

அவளுக்கு வயல் வேலையும் அன்றோடு முடிந்தது. “படப்பொட்டிக்கு முன்னால நின்னு அளக்கச் சொன்னவ, நாளைக்கு எங்கிட்டயும் வந்து சொல்லுவா” என்று அவளுக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்தவர் வர வேண்டாம் என்றுவிட்டார். மற்றவர்களும் கூப்பிடவில்லை. அவள் விழுப்புரம் மண்டியில் கூட்டிப் பெருக்க வந்து சேர்ந்தாள். தெருவில் அவளைப் பார்த்து, “நெழலு புடிச்சிக்கினு போனாங்களே, வந்துச்சா உன் நெழலு?” என்று கேட்டுச் சிரித்தார்கள். மாமியார் சிரிக்கக்கூட இல்லை.

இதையெல்லாம் கேட்டு விருத்தாசலத்துக்கு மனசு குத்தியது. மண்டி வாசலில் அவளைப் பார்த்துச் சொன்னார்: “உன் சீன் படத்துல வரும்மா. இது சத்தியம். உங்க தெரு மொத்தத்தையும் கூட்டிக்கினு வா.”

“வருமுங்களா?”

“நான் டைரக்டர். என்னை மீறி ஒரு அடி போவாது.”

அவள் அதை நம்பி ஊரில் போய்ச் சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை விழுப்புரத்தில் படம் பார்க்கப் போக இரண்டு மாட்டு வண்டி பேசியாகிவிட்டது.

மதராஸ் சென்சாரில் ஒரு வெட்டுகூட இல்லாமல் படம் பாஸாகி வந்தது. வெள்ளைக்கார சர்க்கார் கண்ணுக்கு அந்த மெழுகு படவில்லை. இருந்த ஒரே பிரிண்ட்டை டின்களில் அடைத்துக்கொண்டு விருத்தாசலம் ரயிலில் வந்து இறங்கினார். பங்குதாரர்கள் ஒரு தடவை பார்த்துச் சரி சொல்லிவிட்டால் போதும். மண்டிக் கிடங்கில் ஜன்னலுக்கெல்லாம் கோணிச் சாக்கு கட்டி இருட்டாக்கி, ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டிருந்தார்கள். விக்கிரவாண்டி தேவசகாயம் தன் டூரிங் டாக்கீஸ் மிஷினைக் கொண்டுவந்து வைத்திருந்தார். வெளியே எண்ணெய் இஞ்சின் தடதடத்தது.

இங்கே மண்டி வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மண்டிக்கு மூட்டை வந்தால், அதைத் தொடுகிற ஒவ்வொருவரும் சாம்பிள் என்று ஒரு கைப்பிடி எடுத்துக்கொள்ளலாம். இறக்குகிறவன், நிறுக்கிறவன், தரகன், முதலாளி எல்லோருக்கும் அந்த உரிமை உண்டு. எடுத்ததைத் திருப்பிப் போட வேண்டியதில்லை. கொண்டுவந்தவன் வாய் திறக்கக் கூடாது. பேரம் என்றால் கைமேல் ஒரு துண்டைப் போட்டு, அதற்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். வாயால் பேச மாட்டார்கள். தரையில் சிந்தியது பெருக்குகிற பொம்பளைக்கு. இதெல்லாம் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் யாராவது மீறியிருப்பார்கள்.

சேர்மன் சக்கரபாணி சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு எழுந்தார்.

“ஐயா, சுருட்டு வேணாங்க. பிலிமு. ஒரு பொறி பட்டா குப்புனு புடிச்சிக்கும்” என்றார் தேவசகாயம்.

“இது என் மண்டி” என்றார் சேர்மன். பிலிமுக்கு அது தெரிந்திருக்கும் என்பது அவர் எண்ணம். சுருட்டை அணைக்கவில்லை. பேச ஆரம்பித்தார்.

“டைரக்டரு படத்த முழுசா பாக்கணும்ன்றாரு. ரொம்ப சந்தோசம். நான் அந்தக் காலத்துலேர்ந்து மல்லாட்டை வாங்கறேன். ஒரு மூட்டையாவது முழுசா கொட்டிப் பாத்திருக்கேனா? ஒரு கைப்பிடி எடுப்பேன், ஒடைப்பேன், கடிப்பேன், சொல்லிடுவேன். முழுசா பாத்துட்டு சொல்றதுக்கு எவனால ஆவாது? பாக்காம சொல்றதுக்குப் பேருதான் அனுபவம். ஆளுக்கு ஒரு கைப்பிடி எடுங்க.”

விருத்தாசலத்துக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. ஏதோ பார்த்துப் பாராட்டப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பங்குதாரர் லட்சுமியம்மாள் கையில் கத்தரிக்கோலைப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது.

லட்சுமியம்மாள் சிவபக்தை. கையை விட்டு எடுத்த டின்னில் கதாநாயகன் சாகிற கட்டம் வந்தது. வேட்டியில் அவன் கண்ணை மூடுவதற்குள் இந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“வெள்ளிக்கெழம படம் போடறோம். வெள்ளிக்கெழம சாவு வேணாம். எடுத்துடுங்க.”

“அம்மா, அவன் செத்தாத்தானே அவ விதவ ஆவா? அடுத்த சீன்லயே வெள்ளைப் புடவையோட வர்றாளே?”

“வரட்டும். புடவை அவ இஷ்டம்.”

பிலிமை இழுத்து, பூ அளக்கிற மாதிரி முழம் போட்டு, கத்தரித்தாள். துண்டு தரையில் விழுந்தது. இப்படியாகக் கதாநாயகன் உயிரோடு இருக்கும்போதே கதாநாயகி விதவையானாள்.

அடுத்தது சின்னதுரை. திண்டிவனத்துப் பங்குதாரர், சொந்த ஊர் அபிமானி. அவர் எடுத்த டின்னில் ரயில் வந்து நின்றது. பலகையில் விழுப்புரம் ஜங்ஷன் என்று இருந்தது.

“மதராசுலேர்ந்து வர்ற வண்டி திண்டிவனத்துல நின்னுட்டுத்தானே இங்க வருது? எங்க ஊரு எங்க?”

“ஊர் முக்கியம் இல்லீங்க, அவன் எறங்கறதுதான் முக்கியம்” என்றார் விருத்தாசலம்.

“எங்க ஊர்ல எறங்காதவன் எங்கியும் எறங்க வேணாம்.”

அவன் இறங்கவில்லை. ஏறினதோடு சரி. இன்றைக்கும் அவன் வண்டியில்தான் இருக்கிறான்.

வக்கீல் சீனுவாசன் கம்பெனியின் சட்ட ஆலோசகர், பங்குதாரரும்கூட. தீர்ப்புச் சொல்கிற காட்சி அவர் கையில் சிக்கியது. அவர் ஒன்றரைப் பக்கம் பேசினார். சாரம் இதுதான்: “கீழ்க்கோர்ட் தீர்ப்பு வந்ததும் படம் முடிந்துவிடுகிறது. அப்பீலுக்கு அவகாசமே கொடுக்கவில்லை. இது கோர்ட்டை அவமதிப்பது. அப்பீல் முடியும் வரை தீர்ப்பை நிறுத்தி வைக்கலாம். ஆகவே தீர்ப்பு வேண்டாம், விசாரணை மட்டும் இருக்கட்டும்.”

ஒவ்வொரு துண்டு விழும்போதும் விருத்தாசலத்துக்கு ஏதோ உடம்பிலிருந்து அறுந்து விழுகிற மாதிரி இருந்தது. ஆனால் அவர் மூச்சு விடவில்லை. காரணம் உண்டு. களத்துக் காட்சி இருந்த டின்மேல் அவர் உட்கார்ந்திருந்தார். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு தொலையட்டும், இது மட்டும் தப்பினால் போதும் என்று தன் வேஷ்டியை இழுத்து டின்னை மூடிக்கொண்டார். செண்பகம் ஒரு மூலையில் பெருக்கிக்கொண்டிருந்தாள். கண் டின்மேலேயே இருந்தது.

சேர்மனுடைய கைப்பிடிதான் பாக்கி. அவர் சுற்றிப் பார்த்தார்.

“டைரக்டரு இன்னாத்துமேல உக்காந்துக்கினு இருக்காரு?”

விருத்தாசலம் அசையவில்லை.

“எழுந்திருங்க வாத்தியாரே.”

அவர் எழுந்தார். வேறு என்ன செய்வார்?

இஞ்சின் தடதடத்தது. வேட்டியில் வெயில் அடித்தது. களம், நெல் குவியல், மரக்கால். செண்பகம் நடந்து வந்தாள், பிடுங்கினாள், கவிழ்த்தாள், தட்டினாள். மெழுகு விழுந்தது. அவள் நிமிர்ந்தாள். பேசவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள். கிடங்கில் ஒருவரும் இருமவில்லை. பிறகு சொன்னாள்.

“அளந்து போடு.”

அன்றைக்கு அவர்கள் முழுசாகப் பார்த்த காட்சி அது ஒன்றுதான். சேர்மனின் சுருட்டு தானாகவே அணைந்துவிட்டிருந்தது.

நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஒவ்வொருத்தர் வீட்டிலும் மரக்கால் இருந்தது.

சேர்மன்தான் தொண்டையைச் செருமினார். “மெழுகு யுத்த காலத்துல கெடைக்காத சாமான். எந்த மிராசுதாரு அத மரக்கால்ல போயி வீணாக்குவான்? நம்பற மாதிரி இல்லியே.”

“மரக்காலக் கவுத்தா வீட்ல லட்சுமி தங்க மாட்டா” என்றாள் லட்சுமியம்மாள்.

“களம் விழுப்புரத்துப் பக்கம்” என்றார் சின்னதுரை.

வக்கீல் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். “‘அளந்து போடு’ என்பது ஏகவசனம். கூலிக்காரி முதலாளியிடம் பேசுகிற பாஷையா இது? ‘தயவு செய்து அளந்து போடுங்கள்’ என்று இருந்தால் ஆட்சேபம் இல்லை. அப்படி இல்லாததால் ஆட்சேபம்.”

விருத்தாசலத்துக்கு எங்கிருந்தோ ரோஷம் வந்தது. பையிலிருந்து பத்திரத்தை எடுத்து நீட்டினார். “இதுல ஒரு அடி தொடக் கூடாதுங்க. சகல பொறுப்பும் டைரக்டரையே சாரும்னு உங்க கையெழுத்து இருக்குது. இந்தப் படத்துக்கு ஆசிரியன் நான்.”

சேர்மன் சிரித்தார். கெட்ட எண்ணத்தோடு இல்லை, பாவம், புரியாத பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி.

“யாரு இல்லன்னா? பொறுப்பு உங்களுது. அதிகாரம் எங்களுது. ரெண்டையும் ஒரே ஆள் தலையில கட்டுனா மனுசன் தாங்குவானா? ஓடிச்சின்னா கம்பெனி படம். ஓடலன்னா டைரக்டர் படம். அதுக்குத்தானே உங்க பேர அவ்ளோ பெருசா போட்டிருக்கோம்? அத யாராவது தொட்டோமா?”

பிறகு துண்டை எடுத்து விரித்தார். நான்கு கைகளும் அடியில் போயின. விருத்தாசலம் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். துணி இங்கே மேடிட்டது, அங்கே தணிந்தது, ஒரு தடவை வெடுக்கென்று இழுத்தது. பாதியாவது விடுவார்களா? கடைசி வார்த்தையையாவது விடுவார்களா? அவர் எழுதி, எடுத்து, இரண்டு மாசம் ஒட்டுப் போட்ட படம், நான்கு பேர் விரல் நடுவில் என்ன ஆகிறது என்று அவருக்கு மட்டும் தெரியவில்லை.

துண்டு எடுக்கப்பட்டது. “மொத்தமும்” என்றார் சேர்மன். “அறுபது முழம். மதராசுக்கும் தந்தி குடுத்துடறேன். மூலப் பிலிம்லயும் அத வெட்டிக் கொளுத்திடட்டும். சுத்தமா இருக்கும்.” கத்தரிக்கோலை விருத்தாசலத்திடம் நீட்டினார். “நீங்களே வெட்டுங்க. ஆசிரியரு நீங்கதானே?”

“நான் மாட்டேன்.”

“சரி, வேணாம். பேர மாத்திடுவோம். டைரக்‌ஷன் சின்னதுரைன்னு போட்டா நல்லாத்தான் இருக்கும்.”

சின்னதுரை வெட்கத்தோடு தலைகுனிந்தார்.

விருத்தாசலம் கத்தரிக்கோலைப் பார்த்தார். பேர். திரையில் ஆள் உயரத்துக்கு வரப்போகிற பேர். தொண்டை கட்டிப்போய் நாடகக் கம்பெனியிலிருந்து துரத்தப்பட்டபோது சிரித்த அத்தனை பேரும் திண்டிவனத்தில் உட்கார்ந்து பார்க்கப்போகிற பேர். மூலையில் விளக்குமாற்றுச் சத்தம் நின்றுவிட்டது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் ஒருவேளை வேறு மாதிரி நடந்திருக்கும்.

வெட்டினார். அறுபது முழமும் சுருண்டு சுருண்டு தரையில் விழுந்தது.

“கொல்லைல கொண்டுபோயி இதெல்லாத்தையும் கொளுத்துங்க” என்றார் சேர்மன்.

“அது எனக்குங்க.”

எல்லோரும் திரும்பினார்கள். செண்பகம் விளக்குமாறும் முறமுமாக நடுக் கிடங்குக்கு வந்திருந்தாள்.

“தரையில சிந்துனது பெருக்கறவளுக்குன்னு என்னைச் சேக்கும்போது சொன்னீங்க. இதுவும் சிந்துனதுதானுங்க.”

“அது மல்லாட்டைக்கு!” என்றார் சின்னதுரை.

“கைப்பிடியும் மல்லாட்டைக்குத்தானுங்க இருந்துச்சு.”

சேர்மன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் மெதுவாகச் சொன்னார்: “வழக்கம் என்று பார்த்தால்... ஒன்றை ஒத்துக்கொண்டு ஒன்றை மறுப்பது சிரமம். நாம் எடுத்த கைப்பிடியே செல்லாது என்று ஆகிவிடும்.”

வாசலில் மூட்டைக்காரர்கள் கூடிவிட்டார்கள். சேர்மனுக்கு முகம் சிவந்தது. “சரி, அத வாங்கிக்கறோம். பேசித் தீத்துக்கலாம்.”

“பேசலாமுங்க” என்றாள் செண்பகம். முந்தானையில் கையைத் துடைத்து நீட்டினாள். “துண்டு போடுங்க.”

அப்போதுதான் சங்கடம் புரிந்தது. மண்டியில் பேரம் என்றால் துண்டுக்கு அடியில் விரலைப் பிடிக்க வேண்டும். சேரியிலிருந்து வந்தவள் கையைப் பகலில், மூட்டைக்காரர்கள் பார்க்க, யார் பிடிப்பது? சேர்மன் லட்சுமியம்மாளைப் பார்த்தார். லட்சுமியம்மாள் சிவ சிவ என்றாள். சின்னதுரைக்குத் திண்டிவனம் வண்டிக்கு நேரமாகிவிட்டது. வக்கீல் வாயால் பேசலாமே என்றார். வாயால் பேசினால் மண்டியில் அது பேரம் ஆகாது என்று அவருக்கே நினைவு வந்தது.

துண்டு சேர்மன் கையிலேயே இருந்தது. அவள் கை நீட்டியபடியே இருந்தது.

விருத்தாசலம் ஓர் அடி முன்னால் வந்தார். “நான் பேசறேம்மா. என்கிட்ட குடு. நான் எப்படியாவது...”

“உங்களோட எனக்குப் பேரம் இல்லீங்க” என்றாள். குரலை உயர்த்தவில்லை. குனிந்து, கூட்டி, முறத்தில் வாரிக்கொண்டு போய்விட்டாள். விருத்தாசலத்துக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

வெள்ளிக்கிழமை முதல் ஆட்டம். தேவசகாயத்தின் டாக்கீஸ் கூடாரம் கொள்ளாத கூட்டம். முன்னால் நாற்காலியில் பங்குதாரர்கள், தரையில் கோலியனூர்ச் சனம். ‘டைரக்‌ஷன் விருத்தாசலம்’ என்று திரை முழுக்க வந்து, ரொம்ப நேரம் நின்றது. மற்றதெல்லாம் வேகமாகப் போனது. ரயிலில் ஏறினவன் இறங்கவில்லை. உயிரோடு இருக்கிறவனுக்காகப் பெண்டாட்டி வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு அழுதாள். மிராசுதார் காரணமில்லாமல் கோர்ட்டுக்கு வந்து கைகட்டி நின்றார். விசாரணை நடந்தது, நடந்தது, நடந்துகொண்டே இருந்து ‘சுபம்’ என்று வந்துவிட்டது.

“யாருயா அது விருத்தாசலம்? இங்க வரச் சொல்லு!” என்று தரையிலிருந்து ஒரு குரல். மணலை வாரி வீசினார்கள். சேர்மன் தலையைத் திருப்பிப் பின்னால் காட்டினார். “அதோ நிக்கறாரு. அவரு படம்தான்.” பொறுப்பு அன்றைக்கு முழுசாக, ஒரு கைப்பிடிகூடக் குறையாமல் விருத்தாசலத்திடம் வந்து சேர்ந்தது.

செண்பகத்தின் மாமியார் எழுந்து புடவையைத் தட்டினாள். “வா போலாம். வேலையும் போச்சு, நெழலும் வரல.”

“இருங்க அத்தை” என்றாள் செண்பகம்.

தேவசகாயம் மிஷினை நிறுத்தவில்லை. திரையில் மறுபடி வெளிச்சம் வந்தது. பேர் இல்லை, பாட்டு இல்லை. வெயில். களம். மரக்கால். தட்டினாள், மெழுகு விழுந்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். கூடாரமே அடங்கிப்போனது.

“அளந்து போடு.”

யாரும் கைதட்டவில்லை. பின்னாலிருந்து ஒருத்தர், “இன்னொரு வாட்டி போடுப்பா” என்றார். செண்பகம் கொண்டுவந்து கொடுத்திருந்த சுருளைத் தேவசகாயம் மறுபடி சுற்றிப் போட்டார். அதற்கப்புறம் எத்தனை வாட்டி போட்டார் என்று அவருக்கே தெரியாது. மாமியார் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

“நல்ல வசனம். யாரு எழுதுனது?” என்று ஒருத்தர் விருத்தாசலத்திடமே கேட்டார். அவர் வாயைத் திறந்தார். அவர் எழுதியது ஒன்றரைப் பக்கம். ‘ஏ, கொடுங்கோலனே’ என்று ஆரம்பித்து, பூமாதேவியை மூன்று தரம் கூப்பிட்டு, தர்மத்தில் முடியும். காமிரா ஓடும்போது செண்பகத்துக்கு அது மறந்துபோய்விட்டது. நின்றாள், பார்த்தாள், வாயில் வந்ததைச் சொன்னாள். இத்தனை நாளாக அது தன் கற்பனை என்றுதான் அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

“நான் இல்லீங்க” என்றார். சொல்வதற்குக் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் காலை தேவசகாயம் மண்டிக்கு வந்து, அந்த அறுபது முழம் இல்லாமல் ஜனங்கள் கூடாரத்துக்குள் கால் வைக்க மாட்டார்கள், திண்டிவனத்திலும் அதைத்தான் கேட்கிறார்கள் என்று சொன்னார். மூலப் பிலிமிலிருந்தோ அதை வெட்டிக் கொளுத்தியாகிவிட்டது. சேர்மன் தந்தியை ஜல்தியாக நிறைவேற்றுகிற மதராஸ் ஸ்டூடியோ அது. உலகத்தில் மிச்சமிருந்தது செண்பகத்தின் முறத்தில் இருந்தது மட்டும்தான்.

உச்சிப் பொழுது. மண்டியில் கூலி நெல் அளக்கிற நாள். பெருக்குகிறவர்கள், தோல் உரிக்கிறவர்கள் எல்லோரும் முறத்தோடு வாசலில் நின்றிருந்தார்கள். செண்பகம் அந்த அறுபது முழம் இருந்த டின்னைத் தரையில் வைத்து, முந்தானையில் கையைத் துடைத்து நீட்டினாள். சேர்மன் சுற்றிப் பார்த்தார். பங்குதாரர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்தார்கள். போட்ட முதல் முழுக்க அந்த டின்னில் கிடந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, துண்டை எடுத்து அவள் கைமேல் போட்டு, அடியில் தன் கையை விட்டார். வாசலில் யாரோ மூச்சை இழுத்த சத்தம் கேட்டது.

அவள் விரலைப் பிடிக்கவில்லை. அவர் கையை மொத்தமாகப் பிடித்து, ஒரே திருப்பாகக் கவிழ்த்தாள். துண்டு ஒரு தரம் புரண்டு அடங்கியது. சேர்மனுக்குப் புரிந்துவிட்டது. கையை இழுத்துப் பார்த்தார். அவள் விடவில்லை.

“எவ்ளோ கேக்கறா?” என்றார் சின்னதுரை.

சேர்மன் பெரிய மூச்சு விட்டார். “அந்த மரக்கால எடுத்தா” என்றார் கடைசியில்.

மண்டி மரக்கால் வந்தது. அவரே வாங்கிக் கவிழ்த்து, அடியில் தட்டினார். முதல் தட்டுக்கு விழவில்லை. இரண்டாவது தட்டுக்கு விழுந்தது. யுத்த காலத்தில் கிடைக்காத சாமான், நல்ல தடிமனாக இருந்தது.

செண்பகம் வக்கீலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முறத்தை நீட்டினாள்.

“தயவு செய்து அளந்து போடுங்கள்” என்றாள், அவர் திருத்திக் கொடுத்தபடியே, ஓர் எழுத்துப் பிசகாமல்.

வக்கீல் ஆட்சேபிக்கவில்லை. சேர்மன் அளக்க ஆரம்பித்தார். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் முறத்தோடு வரிசையில் நின்றார்கள். விருத்தாசலம் வாசல் நடுவில் நின்றுகொண்டிருந்தார். மரக்கால்மேல் தன் நிழல் விழுவதைப் பார்த்தார். வெளிச்சத்தை மறைக்காமல், ஓரமாக ஒதுங்கி நின்றார்.